வயிற்றில் வளரும் குழந்தையின் தைராய்டு: தாய் அறிந்து செய்ய வேண்டியவை

கருவில் இருக்கும் குழந்தைக்கும் தைராய்டுக் கோளாறு வரலாம். அதைப் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம் என்பதும், பெரும்பாலான வேளைகளில் தாய் விழுங்கும் மாத்திரையின் அளவை மாற்றியே சரிசெய்துவிடலாம் என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. கோளாறு அரிதானதுதான், ஆனால் யாருக்கு வரக்கூடும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடியும் என்பதால், அந்தச் சிலர் தவறவிடப்படுவது மனத்தை வருத்துகிறது. இக்கட்டுரை அவர்களுக்காகவும் அவர்களுக்குத் துணையாகப் பரிசோதனைக்குச் செல்லும் கணவர், தாய், மாமியார் ஆகியோருக்காகவும் எழுதப்படுகிறது. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எப்போது எதைக் கேட்க வேண்டும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

முதலில் ஓர் ஆறுதல். சென்னையில் கர்ப்பப் பரிசோதனைக்கு வரும் பெண்களில் தைராய்டு மாத்திரை சாப்பிடுவோர் பலர். அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது குறை தைராய்டு. அத்தகைய தாயின் வயிற்றில் வளரும் குழந்தைக்குச் சுரப்பி பொதுவாக நன்றாகவே உருவாகி வேலை செய்யும். அவர் தன் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவை ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதும். குழந்தையின் சுரப்பியையே தனியாகக் கண்காணிக்க வேண்டிய நிலை மூன்று வகைத் தாய்மாருக்கு வருகிறது: இப்போது கிரேவ்ஸ் நோய் எனப்படும் மிகை தைராய்டுக்கு மருந்து சாப்பிடுவோர், முன்பு அந்நோய்க்காக அறுவை சிகிச்சையோ கதிரியக்க அயோடின் சிகிச்சையோ பெற்றோர், முந்தைய பிரசவத்தில் தைராய்டுக் கோளாறுடன் குழந்தை பெற்றோர்.

குழந்தையின் கழுத்தில் தைராய்டுச் சுரப்பி உருவாகி, ஏறக்குறைய 10 முதல் 12 வாரத்தில் அயோடினை இழுத்துச் சேர்க்கத் தொடங்குகிறது. ஆயினும் போதிய அளவு ஹார்மோனைச் சுரக்க 18 முதல் 20 வாரம் ஆகிவிடும். அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனான தைராக்சினையே நம்பியிருக்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. குழந்தையின் சுரப்பி இப்போது தூண்டுதலுக்கு இணங்கக்கூடியதாக இருக்கும். தாயின் ரத்தத்திலுள்ள எதிரணுக்களும் (ஆன்டிபாடிகள்) நஞ்சுக்கொடி வழியாக மேலும் மேலும் மிகுதியாகக் கடக்கும். கிரேவ்ஸ் நோயின் எதிரணு தாயின் சுரப்பியை எப்படி ஓயாமல் விரட்டியதோ, அப்படியே குழந்தையின் சுரப்பியையும் விரட்டும். தாய் சாப்பிடும் கார்பிமசோல் போன்ற மருந்துகளும் நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடந்து, குழந்தையின் சுரப்பியை அடக்கும். ஆகவே ஒரே தாயின் குழந்தைக்கு எதிரணு மிகுந்தால் மிகை தைராய்டும், மருந்து மிகுந்தால் குறை தைராய்டும் வரக்கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே அளவாக நடத்திச் செல்வதுதான் சிகிச்சையின் முழு நுட்பமும்.

முதல் பரிசோதனையிலேயே பழைய கதையைச் சொல்லுங்கள்

எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு பெண்ணுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கிரேவ்ஸ் நோய் இருந்தது. கதிரியக்க அயோடின் கொடுத்துச் சுரப்பியை ஒடுக்கிவிட்டார்கள். அதன் பிறகு சுரப்பி வேலை செய்யாததால் அவர் தினமும் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். கர்ப்பம் உறுதியானதும் வீட்டருகே உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். "தைராய்டு இருக்கா?" என்று செவிலியர் கேட்கிறார். "இருக்கு சிஸ்டர், மாத்திரை போடுறேன்" என்கிறார் அவர். மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் அட்டையில் 'குறை தைராய்டு' என்று எழுதப்பட்டுவிடுகிறது. யார் மீதும் பிழையில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் கிடைத்தது. ஆனால் சுரப்பியை ஒடுக்கியதால் எதிரணு ஒழிந்துவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் அது ரத்தத்தில் தங்கக்கூடும். தாயின் கழுத்தில் தாக்குவதற்குச் சுரப்பி இல்லாததால் அவருக்கு ஒரு தொல்லையும் தெரியாது. எந்த மருந்தின் தடையும் இல்லாமல் அந்த எதிரணு குழந்தையிடம் போய்ச் சேர்கிறது. தாய் முழு நலத்துடன் இருக்க, குழந்தைக்கு மட்டும் மிகை தைராய்டு வரும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

எனவே "தைராய்டு மாத்திரை போடுகிறேன்" என்பதோடு நிறுத்தாமல், அது எதனால் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். தொடக்கத்தில் மிகையாக இருந்ததா, கழுத்தில் அறுவை நடந்ததா, கதிரியக்க அயோடின் குடித்தீர்களா, எந்த ஆண்டில், எந்த மருத்துவமனையில் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலுடன் தாய்சேய் நல அட்டையிலேயே வைத்துவிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கும் நாளே இதற்கு ஏற்ற நாள். பிரசவத்துக்காகத் தாய்வீடு செல்லும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து வேறு ஊர் மருத்துவரிடம் போகும்போதும் அந்தத் தாள் உடன் போக வேண்டும்.

உறவுமுறைத் திருமணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு ஹார்மோனை உண்டாக்கும் நொதிகளில் பிறவிக் குறை உள்ள சில வகைகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மட்டுமே குழந்தையிடம் வெளிப்படும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்த குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். முதல் குழந்தைக்கு இவ்வகைக் கோளாறு இருந்திருந்தால் அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

எதிரணுப் பரிசோதனை

கிரேவ்ஸ் நோய் இருந்தவர்கள், இப்போது மருந்தே சாப்பிடாவிட்டாலும், மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய பரிசோதனை டி.எஸ்.எச். ஏற்பி எதிரணுப் பரிசோதனை. ஆய்வகச் சீட்டில் டி.ஆர்.ஏ.பி. என்று இருக்கும். தைராய்டு உள்ள பலருக்கும் வழக்கமாகச் செய்யப்படும் டி.பி.ஓ. எதிரணுப் பரிசோதனை வேறு, இது வேறு. அதைச் செய்தாயிற்று என்பதற்காக இதை விட்டுவிடக் கூடாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். உயர்ந்திருந்தால், அல்லது தாய் மிகை தைராய்டு மருந்தில் இருந்தால், 18 முதல் 22 வாரத்துக்குள் மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் உயர்ந்திருந்தால் 30 முதல் 34 வாரத்துக்குள் மூன்றாம் முறை. ஆய்வகம் குறிப்பிடும் இயல்பான உச்ச அளவைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் குழந்தையை நெருங்கிக் கண்காணிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அளவு இயல்பாக வந்துவிட்டால் பெரும் கவலை நீங்கியது என்று கொள்ளலாம்.

ரத்தம் கொடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். முடி உதிர்வுக்காகச் சாப்பிடும் மாத்திரைகளில் பயோட்டின் மிகுதியாக இருக்கும். அது சில ஆய்வகக் கருவிகளைக் குழப்பி, தைராய்டு நலமாக இருப்பவருக்கும் கிரேவ்ஸ் நோய் போன்ற முடிவைக் காட்டிவிடும். அத்தகைய மாத்திரையைப் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டுவந்த செய்தியை ஆய்வகத்திலும் சொல்லுங்கள். அதேபோல், முதல் மூன்று மாதங்களில் வாந்தி கடுமையாக இருக்கும்போது டி.எஸ்.எச். தாழ்ந்து காணப்படுவது கர்ப்ப ஹார்மோனால் வரும் தற்காலிக மாற்றமாக இருக்கலாம். எதிரணு இல்லாத அந்த நிலைக்குத் தைராய்டை அடக்கும் மருந்து தேவைப்படாது.

மிகை தைராய்டுக்கு மருந்து சாப்பிடுவோருக்கு

கர்ப்பம் தெரிந்த அன்றே மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். அடுத்த மாதப் பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம். கார்பிமசோல், மெதிமசோல் ஆகியவை ஏறக்குறைய 6 முதல் 10 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகள் உருவாகும்போது தலைத்தோல், மூக்குத் துளை முதலியவற்றில் குறைகளை உண்டாக்கக்கூடும் என்பதால், அந்தக் காலத்தில் மருந்து தேவைப்பட்டால் புரோப்பைல்தையோயுராசிலுக்கு மாற்றுவது வழக்கம். நோய் அடங்கி, மருந்தின் அளவும் சிறிதாக இருந்தால், மருத்துவர் அதை நிறுத்திவைத்துக் கவனிப்பதும் உண்டு. தானாக நிறுத்துவது மட்டும் கூடாது. கட்டுக்கடங்காத மிகை தைராய்டு கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் தாயின் இதயத் தளர்ச்சிக்கும் வழிவகுக்கும். இம்மருந்துகளைச் சாப்பிடும் எவருக்கும் காய்ச்சலுடன் கடுமையான தொண்டை வலி வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்னது ரத்த வெள்ளணுக்கள் குறைவதன் அறிகுறியாகவும், பின்னது கல்லீரல் பாதிப்பாகவும் இருக்கலாம்.

தாயின் தைராக்சின் அளவு இயல்பு வரம்பின் நடுவில் வர வேண்டும் என்று மருந்தைக் கூட்டினால் குழந்தைக்கு அது மிகுதியாகிவிடும். ஆகவே தாயின் எஃப்.டி.4 (ரத்தத்தில் கட்டற்று இருக்கும் தைராக்சின்) அளவு இயல்பின் மேல் எல்லையிலோ அதற்குச் சற்று மேலோ இருக்கும்படி, மிகக் குறைந்த அளவு மருந்தைக் கொடுப்பதே முறை. சீட்டில் 'உயர்வு' என்று தடித்த எழுத்தில் வந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட அளவாக இருக்கலாம்.

ஸ்கேனில் பார்ப்பவை

எதிரணு உயர்ந்தவர்களுக்கும் தைராய்டை அடக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கும் சுமார் 20ஆம் வாரத்திலிருந்து நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறையேனும் ஸ்கேன் தேவை. ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போகும்போது, "குழந்தையின் கழுத்தைப் பார்க்க வேண்டும்" என்பது மருத்துவரின் பரிந்துரைச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்கப்படாவிட்டால் கழுத்தின் முன்பகுதியைத் தனியே அளப்பது வழக்கமில்லை. கருவியைச் சற்றுச் சாய்த்து, குழந்தை தாடையைத் தூக்கும் வரை பொறுத்திருந்து, மூச்சுக்குழலின் இருபுறமும் உள்ள சுரப்பியின் சுற்றளவை எடுத்து, அந்த வாரத்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். குழந்தை தாடையை நெஞ்சோடு சேர்த்துக் கவிழ்ந்து படுத்திருந்தால், "கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்புவார்கள். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

குழந்தையின் இதயத் துடிப்பு வழக்கமாக நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். அது இடைவிடாமல் 160-ஐத் தாண்டியே நின்றால் மிகை தைராய்டை எண்ண வேண்டும். எடை ஏறாமை, முழங்காலருகே உள்ள எலும்பு முனை உரிய வாரத்துக்கு வெகு முன்பே தென்படுதல், இதயம் பெருத்தல், உடலில் நீர் கோத்தல் ஆகியவை மற்ற அறிகுறிகள். குறை தைராய்டில் எலும்பு முதிர்ச்சி பின்தங்கும். துடிப்பு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கழலை, அதாவது தைராய்டுச் சுரப்பியின் வீக்கம், இரண்டிலும் வரும். பெருத்த கழலை உணவுக்குழாயை அழுத்தினால் குழந்தையால் பனிக்குட நீரை விழுங்க முடியாமல் நீர் கூடும். தலை பின்னோக்கி வளைந்து நிற்பதால் பிரசவமும் சிக்கலாகும்.

கழலை இருக்கிறது என்று சொல்லிவிட்டால்

அந்தச் சொல்லைக் கேட்டு வீட்டில் அழுகை எழுவது இயல்பு. ஆனால் இது பிறப்புக்கு முன்பே சிகிச்சை செய்யக்கூடிய கோளாறுகளில் ஒன்று. மருத்துவர்கள் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, சுரப்பி மிகையாக வேலை செய்வதால் வீங்கியதா, குறையாக வேலை செய்வதால் வீங்கியதா என்பது. தாயின் எதிரணு அளவு, அவர் சாப்பிடும் மருந்தின் அளவு, குழந்தையின் துடிப்பு, எலும்பு முதிர்ச்சி, டாப்ளரில் சுரப்பியின் ரத்த ஓட்டம் தெரியும் விதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே பல வேளைகளில் விடை கிடைத்துவிடும். தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரியும் என்றாலும், அதில் குழந்தையை இழக்கும் ஆபத்து நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவில் உண்டு. ஆகவே மற்ற வழிகளில் முடிவு தெரியாமல், அந்த முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறும் என்றால் மட்டுமே அதைச் செய்வார்கள். "இந்த ரத்த முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்பது உங்கள் உரிமை.

மருந்து மிகுதியால் வந்த குறை தைராய்டு என்றால், தாயின் மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ முதற்படி. அதிலேயே கழலை சுருங்கிவிடுவது உண்டு. கழலை பெரிதாக இருந்து பனிக்குட நீரும் கூடியிருந்தால், சிறப்பு மையங்களில் தைராக்சினைப் பனிக்குடத்துக்குள் ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள்; குழந்தை அந்த நீரை விழுங்கி மருந்தைப் பெறுகிறது. குறைப்பிரசவமும் தொற்றும் நேரும் வாய்ப்பு இருப்பதால் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே இது.

எதிரணுவால் வந்த மிகை தைராய்டு என்றால், தாய்க்கே தைராய்டை அடக்கும் மாத்திரை கொடுக்கப்படும்; அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் சுரப்பியை அடக்கும். துடிப்பும் கழலையின் அளவும் எப்படி மாறுகின்றன என்பதைப் பார்த்து அளவைத் திருத்துவார்கள். முன்பே சுரப்பி அகற்றப்பட்ட தாய்க்கு இந்த மாத்திரையோடு அவருடைய தைராக்சினும் தொடரும். இரண்டு எதிரெதிர் மாத்திரைகளை ஒரே சீட்டில் பார்த்து மருந்துக் கடைக்காரரோ உறவினரோ ஐயப்படக்கூடும். இந்த ஒரு நிலையில் அது சரியான சிகிச்சையே.

அரசு வசதியை நாடுவோருக்குச் சென்னையில் ஒரு நன்மை உண்டு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகிய மூன்றும் சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தவை. மகப்பேறு, பச்சிளங்குழந்தை நலம், நாளமில்லாச் சுரப்பியியல் ஆகியவற்றின் மருத்துவர்களை அந்த வட்டத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம். தனியாரிடம் போவோர் கருநல மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்றவரைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. எங்கே போனாலும் ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்கும்படி எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் தேதி வரிசையில் வையுங்கள்.

குறை தைராய்டுள்ள தாய்க்கு

கர்ப்பம் தெரிந்ததும் தைராக்சின் தேவை ஏறக்குறைய கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ கூடும். வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகச் சாப்பிடச் சொல்வது வழக்கமான முதல் திருத்தம். இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின் பாதிக் காலம் வரை நான்கு வாரங்களுக்கு ஒரு முறையும், பிறகு 30 வாரத்தையொட்டி ஒரு முறையும் டி.எஸ்.எச். பார்த்து, 2.5-க்குக் கீழே வைத்திருப்பது நோக்கம்.

மாத்திரை உடலில் சேராமல் போவதற்கு வீட்டு வழக்கங்களே பெரிதும் காரணம். எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, டிகாக்ஷன் காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். நான்கு மணி நேர இடைவெளி தேவை. காலையில் தைராக்சின், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்புச்சத்து, இரவில் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இராது. காலை வாந்தியில் மாத்திரை வெளியேறிவிடுபவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துச் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

அயோடினைப் பற்றி இரண்டு சொற்கள். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. அயோடின் சேர்க்காத கல்லுப்பையும் இந்துப்பையும் மட்டும் நம்பும் வீடுகளில் இது எட்டாது. உறையில் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மறுபுறம், அளவு மீறிய அயோடின் குழந்தையின் சுரப்பியை முடக்கிக் கழலையை உண்டாக்கும். 36 வாரம் வரை அந்தச் சுரப்பிக்கு மிகுதியான அயோடினைத் தாக்குப்பிடிக்கும் திறன் முதிர்வதில்லை. கடற்பாசி மாத்திரைகளையும், நீண்ட நாள் புண்ணுக்குப் போவிடோன் அயோடின் தடவுவதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுவோர் அதிலும் மிகுந்த அயோடின் இருப்பதை அறிந்து, முதல் சந்திப்பிலேயே தெரிவிக்க வேண்டும்.

பிரசவமும் பிறந்த முதல் இரு வாரங்களும்

பெரிய கழலை இருந்தால் குழந்தையின் மூச்சுப்பாதை அழுத்தப்படலாம் என்பதால், பச்சிளங்குழந்தைக்குக் குழாய் செலுத்தி மூச்சைக் காக்க வல்ல குழு உள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும். கழலை இல்லாவிட்டால் தைராய்டை மட்டும் காரணமாகக் காட்டிச் சிசேரியன் தேவையில்லை.

சுரப்பியே உருவாகாமல் பிறக்கும் குழந்தைகள் ஸ்கேனில் பெரும்பாலும் அகப்படுவதில்லை. தாயின் தைராக்சின் ஓரளவு காப்பதால் பிறந்தவுடன் பார்க்கவும் நலமாகவே தோன்றுவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கும் வழி, தொப்புள்கொடி ரத்தத்திலோ பிறந்து 48 முதல் 72 மணி நேரத்தில் குதிகாலிலிருந்து எடுக்கும் சில துளிகளிலோ செய்யும் டி.எஸ்.எச். பரிசோதனை மட்டுமே. இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுக்கு ஒருவருக்குப் பிறவிக் குறை தைராய்டு காணப்படுகிறது. இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் "குதிகால் ரத்தம் எடுத்தீர்களா, முடிவு எப்போது வரும், யார் தெரிவிப்பார்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதைப் பொடித்துச் சிறிதளவு தாய்ப்பாலில் கரைத்து, கரண்டியாலோ பாலாடையாலோ உடனே கொடுக்க வேண்டும். புட்டிப்பாலில் கலந்தால் மிச்சம் புட்டியிலேயே நின்றுவிடும்.

கிரேவ்ஸ் தாயின் குழந்தைக்கு ஒரு முறை பார்த்தால் போதாது. பிறந்த சில நாட்கள் வரை தாயின் மருந்து குழந்தையின் உடலில் இருந்து நோயை மறைத்து வைக்கும். மருந்து வெளியேறிய பிறகுதான் எதிரணுவின் வேலை தெரியவரும். ஆகவே எதிரணு உயர்ந்திருந்த தாயின் குழந்தைக்கு 3 முதல் 5 நாளுக்குள் ஒரு முறையும், 10 முதல் 14 நாளுக்குள் மறுமுறையும் எஃப்.டி.4, டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இடையே குழந்தை நன்றாகப் பால் குடித்தும் எடை ஏறாமல், ஓயாமல் சிணுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்தால், குறித்த நாளுக்குக் காத்திராமல் எடுத்துச் செல்லுங்கள். எதிரணு மூன்று நான்கு மாதங்களில் கரைந்துவிடும் என்பதால் குழந்தையின் சிகிச்சையும் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும்.

கிரேவ்ஸ் நோய் இருந்து அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுவோர், கருத்தரிக்கும் முன்பே நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கதிரியக்க அயோடின் எடுத்தால் குறைந்தது ஆறு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். அதன் பிறகும் எதிரணு முதலில் ஏறி, ஓராண்டுக்கு மேலும் உயர்ந்தே நிற்கக்கூடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது படிப்படியாக இறங்கும். எதிரணு மிக உயர்ந்திருந்து விரைவில் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அறுவை ஏற்றதா என்பதை, அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சந்திப்பிலேயே பேசி முடிவு செய்யலாம்.